தண்டு முறிந்த விதம்

— ஞாயிற்றுக்கிழமையிலயும் ஒரு மனுசனை நிம்மதியா இருக்க விடமாட்டியள் போல. முதல்ல நீ ஆர், என்ன விசயமா வந்தனீ எண்டு சொல்லு, பிள்ளை. உன்ர மனுசன்ர பேர் என்ன?

— கட்டினவரு பேரை என் வாயால எப்படிங்கய்யா சொல்றது? வள்ளி, நீ சொல்லுடி ஐயாகிட்ட.

— எங்கப்பா பேரு நாகையா. ரப்பரு ஸ்டோருல மெஷினு பாக்குற பிட்டரு. கூரைக்குக் கீழ ஓடுற இரும்புத் தண்டு, அந்தச் சாப்டு ஒடஞ்சு, அதுல இருந்த புல்லி அவரு மேல விழுந்து செத்துப்போயிட்டாரு. எல்லாரும் எங்கப்பா மேல பொய் சொல்றாங்க.

— ஓ. பந்திங் பக்கத்துக் கேஸ்.

— ஆமாங்கய்யா. நான் அவரு சம்சாரம், இராஜம்மா. கோழி கூப்பிட பஸ்ஸேறி, கிள்ளான்ல ரயிலைப் புடிச்சு, இந்தப் பிரிக்பீல்ட்ஸ் முழுக்க அலைஞ்சு, 'கவர்மெண்டு ஆபீசுல பிளான் போடுற சின்னையா ஐயா வீடு எது'ன்னு பத்து பேரைக் கேட்டு வந்திருக்கோம். ஒடஞ்ச சாப்டை நீங்கதான் சோதிக்கிறீங்கன்னு எங்க தோட்டத்து ஆபீசுக் கிராணி சொன்னாரு.

— உங்கட கிராணிக்கு வாய் கொஞ்சம் நீளம். நான் படம் கீறிக் கணக்குப் போடுறவன். தீர்ப்புச் சொல்லுறது வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர்.

— நீங்க எழுதிக் குடுக்குறதுலதான் அவரு கையெழுத்துப் போடுவாராம்லங்க?

— உது உண்மைதான். மறுக்க ஏலாது. சரி, அந்தக் கதிரையில இரு. என்ன, நிலத்தில இருக்கிறாய்? சரி, உன்ர விருப்பம். சின்னப் பிள்ளை, நீ அடுப்படிக்குப் போ. அங்க மாமி ரொட்டி சுடுறா.

— போடி. குடுக்குறதைத் தின்னுட்டு அங்கேயே இரு. பெரியவங்க பேசுறப்ப எட்டிப் பாக்கக் கூடாது.

— ஐயா எழுதி முடிச்சதும் என்னைக் கூப்பிடும்மா.

— கூப்பிடுறேன், போ.

— பேர் நாகையா எண்டதை மணி அடிச்ச மாதிரிச் சொல்லுது, கெட்டிக்காரி. எத்தினை வயசு?

— ஏழு முடியுதுங்க. ஒத்தைப் புள்ளை. முன்னால ரெண்டு பொறந்து தங்கல. அவங்கப்பாவுக்கு உசிரே அதுமேலதான்.

— சரி, விசயத்துக்கு வா. நாளைக்கு விசாரணை. இண்டைக்கு ரிப்போர்ட் எழுதி முடிக்கோணும். நீ என்ன சொல்ல வந்தனீ?

— இருவத்திரெண்டு நாளாச்சுங்கய்யா. எங்க ஸ்டோருல மூணு மெஷினு. கட்டியான ரப்பரை நசுக்கித் தகடாக்குறது. மூணையும் ஓட்டுறது மேல ஓடுற அந்த ஒரே சாப்டு. அன்னைக்குக் காலையில அது நடுவுல ஒடஞ்சு, வண்டிச் சக்கரத்தாட்டம் இருக்குற புல்லியோட கீழ வந்துருச்சு. இவரும் போயிட்டாரு, மெஷின்ல நின்ன தனலெட்சுமியும் போயிட்டா. ரெண்டு புள்ளைக்காரிங்க அவ. தோட்டத்துத் துரை என்னா எழுதிட்டாருன்னா, பிட்டரு கள்ளு குடிச்சிட்டு வந்து, போதையில மூணு மெஷினையும் ஒரே நேரத்துல சட்டுனு ஓட விட்டான், அதுல சாப்டு முறுக்கிக்கிட்டு ஒடஞ்சிருச்சுன்னு.

— குடிக்கிற பழக்கம் இருந்ததோ?

— கள்ளுக்கடைப் பக்கம் தலைவச்சுப் படுக்காத மனுசங்கய்யா. அவரு அப்பன் குடிச்சுக் குடிச்சே ரத்தம் கக்கிச் செத்தான். அதைப் பாத்ததுல இருந்து கல்யாணம் கருமாதின்னு கூட ஒரு சொட்டு நாக்குல பட்டதில்ல. தீவாளி அன்னைக்கு எங்க லயத்து வீடெல்லாம் மப்புல உருளும். இவரு மகளைத் தோள்ல தூக்கி வச்சுக்கிட்டு ஆத்துப் பக்கம் போயிருவாரு.

— பிறகேன் அப்பிடிச் சொல்லினம்?

— வாசுன்னு ஒரு மண்டோரு, ஆளுங்களை வேலை வாங்குறவன். இவருகூட ஒரே தட்டுல சாப்பிட்டவன். அவன்தான் சொல்றான், 'சாகுறப்ப அவனே என்கிட்ட ஒத்துக்கிட்டான், குடிச்சிருந்தேன்டான்னு சொன்னான்'னு. துரை குடுக்குற கங்காணி வேலைக்காகப் பொய் சொல்றியேடான்னு அவன் மூஞ்சியில மண்ணை வாரித் தூத்துனேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டே போனான்.

— மற்றச் சனம் என்ன சொல்லுதுகள்?

— உலை வாயை மூடலாம், ஊரு வாயை மூட முடியுமாங்க? தண்ணிக் கொழாயில எனக்கு எடம் விட மாட்டேங்கிறாங்க. தனலெட்சுமி புருசன் அவ சீலையை எங்க வாசல்ல வீசிட்டுப் போனான். வள்ளியைப் பள்ளிக்கூடத்துல 'குடிகாரன் மவ'ங்கிறாங்க. சொன்ன ஒருத்தன் கையைக் கடிச்சு வச்சிட்டா. 'கவர்மெண்டு வந்து சொல்லும் பாருங்கடா, எங்கப்பா நல்லவரு'ன்னு ராத்தூக்கத்துல கூடச் சொல்லுதுங்க. அதுக்காகத்தான் வந்தேன். செத்தவரு எந்திரிச்சு வரப் போறதில்ல. அவரு பேராச்சும் எம்மவளுக்கு மிஞ்சணும்.

— அழாதை. கேள். நீ வராட்டியும் நான் எழுதுறதைத்தான் எழுதியிருப்பன். அந்த மேசையில சாக்கால மூடிக் கிடக்குதே, அதுதான் முறிஞ்ச ஷாஃப்டின்ர ஒரு துண்டு. வடிவாப் பார்த்துப் படம் கீறுறதுக்கு ஆபீசில கேட்டு வீட்டை கொண்டந்தனான். மற்றத் துண்டு அங்க கிடக்கு.

— இதுங்களா? இம்புட்டுத் தடியா இருக்கு... இதுல அவரு ரத்தம் ஏதும்...

— இல்லை, பிள்ளை. கழுவி எண்ணெய் பூசித்தான் அனுப்பினவை.

— கழுவிட்டாங்களா. சரிங்க.

— இஞ்ச பார், உனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லுறன். ஓடுற ஷாஃப்டுக்குள்ள ரெண்டு இழுபறி நடக்குது. முதலாவது முறுக்கு. எஞ்சின் ஒரு பக்கம் பிடிச்சுச் சுத்துது. ரப்பர் அரைக்கிற மெஷின் மற்றப் பக்கம் 'வரமாட்டன்' எண்டு பிடிச்சு நிக்குது. நீ ஈரச் சீலை பிழியேக்க ஒரு கை இப்பிடியும் மற்றக் கை அப்பிடியும் திருகுதெல்லே? அது மாதிரி. விளங்குதோ?

— விளங்குதுங்க.

— ரெண்டாவது வளைவு. கூரையில ரெண்டு தாங்கிக்கு நடுவில பத்தடி இடைவெளி. அந்த நடுவில இருக்குது புல்லியின்ர பாரம், அதோட பெல்ட் வேற கீழ இழுக்குது. வீட்டு உத்தரம் பாரத்தில தொய்யிற மாதிரி ஷாஃப்டும் ஒரு மயிரளவு தொய்யும். தொய்யேக்க மேல் பக்கம் நெரியும், கீழ் பக்கம் இழுபடும். உத்தரம் எண்டா அசையாமக் கிடக்கும். இது சுத்துது. அதால நெரிஞ்ச பக்கமே அடுத்த நொடி இழுபடும். நிமிசத்துக்கு இருநூறு தரம் அப்பிடி மாறி மாறி.

— துரை சொல்றது முறுக்கா, வளைவாங்கய்யா?

— முறுக்கு. மூண்டு மெஷினையும் ஒண்டாய்ப் போட்டதால முறுக்குத் தாங்காமல் முறிஞ்சதெண்டு. முறுக்கு எண்டா உன்ர மனுசன்ர கை செய்த பிழை. அவ்வளவுதான் இந்தக் கேஸ்.

— நீங்க என்னா சொல்றீங்க?

— ஒரு கிழமை இருந்து கணக்குப் போட்டனான். மூண்டில்லை, ஐஞ்சு மெஷினைச் சட்டெண்டு போட்டாலும் இந்தத் தடிப்புக்கு முறுக்குத் தாங்கும். கணக்கை விடு, கண்ணால பார். புல்லி வழுக்காமல் ஆப்பு இறுக்கிற குழி இது. நீளத்துக்கு ஒரு கோடு மாதிரிப் போகுது. முறுக்கில போயிருந்தா, பிழிஞ்ச சீலையில கரை சுத்திக்கொண்டு போற மாதிரி இந்தக் கோடும் திருகியிருக்கோணும். விரலை வச்சுப் பார்.

— நேரா இருக்குங்கய்யா.

— நூல் பிடிச்ச மாதிரி நேர்! உன்ர மனுசனில ஒரு பிழையும் இல்லை. அவர் குடிச்சிருந்தாலும் சரி, விரதம் இருந்திருந்தாலும் சரி, இது அண்டைக்கு முறியத்தான் செய்திருக்கும்.

— ஐயா! என் சாமி! உங்க காலைக் காட்டுங்கய்யா.

— விடு, விடு பிள்ளை, காலை விடு. எழும்பு.

— இருவத்திரெண்டு நாளா ஒரு வாய் சோறு எறங்கலைங்க எனக்கு. அந்த மனுசன் பூச்சி பொட்டைக் கூட மிதிக்க மாட்டாரு. என் நெஞ்சுக்குள்ள அடிச்சுக்கிட்டே இருந்துச்சுங்க, அவரு செய்யல, அவரு செய்யலன்னு. வள்ளி கேட்டா ஆடுவாங்கய்யா! கூப்பிடட்டுங்களா?

— பொறு, நான் முடிக்கேல்லை. எப்பிடி முறிஞ்சதெண்டும் சொல்லோணுமே. இந்த முறிஞ்ச முகத்தைப் பார். என்ன தெரியுது?

— பாதிக்கு மேல கறுப்பா, வழவழன்னு இருக்கு. மட்டிச் சிப்பி மேல வரி வரியா இருக்குமே, அந்த மாதிரி. ஓரத்துல மட்டும் கொஞ்சூண்டு பளபளன்னு, கல்லுச் சீனி மாதிரி.

— உனக்குப் படிப்பிச்சிருந்தா என்னை விட நல்லா வந்திருப்பாய். அந்தப் பளபளப்புத்தான் அண்டைக்குக் காலையில முறிஞ்ச இடம். மிச்சம் எல்லாம் பழைய வெடிப்பு. ஒவ்வொரு வரியும் அந்த வெடிப்பு வளர்ந்த கணக்கு. ஒண்டரை வருசத்துக்கு மேல, ஒருத்தருக்கும் தெரியாமல், வளைவில இழுபட்டு இழுபட்டுக் கொஞ்சங் கொஞ்சமாத் தின்னுக்கொண்டு போயிருக்கு. கடைசியில இந்தத் துளி இரும்புதான் முழுப் பாரத்தையும் பிடிச்சுக்கொண்டு நிண்டது.

— தானாவே வெடிச்சுக்குமாங்கய்யா இரும்பு?

— அதுதானே கதை. தானா வெடிக்காது. நல்ல இரும்பு இது, ஒரு குறையும் இல்லை. இன்னும் முப்பது வருசம் ஓடியிருக்கும். வெடிப்புக்கு ஒரு வாய் வேணும். இந்த வரி எல்லாம் எங்க போய்ச் சேருதெண்டு பார். இஞ்ச, இந்த விளிம்பில. ஆரோ ஒரு விசரன் உளியை வச்சுச் சுத்தியலால அடிச்சு வெட்டியிருக்கிறான். அதுவும் வளைவு ஆகக் கூடின நடு இடத்தில! வழவழப்பான ஷாஃப்டில ஒரு கீறல் விழுந்தா, இழுவை முழுக்க அந்தக் கீறலின்ர அடியில போய்ச் சேரும். புதுச் சீலையைக் கையால கிழிக்க ஏலாது, ஓரத்தில கத்தியால ஒரு வெட்டு விட்டா நேராக் கிழியுமெல்லே?

— ஆமாங்க.

— ரெண்டு உயிரைக் கொண்டது அந்த வெட்டுத்தான். வெட்டினவன் என்ர கையில அகப்பட்டா...

— அதை இப்படிக் கொஞ்சம் வெளிச்சத்துல காட்டுங்கய்யா.

— என்னத்தைப் பாக்கப் போறாய்? முறிஞ்ச வேகத்தில உரஞ்சி, அரைவாசி அழிஞ்சு போச்சு. கொக்கி மாதிரி ஒரு வளைவு, பிறகு விளிம்போட ஒரு நேர் வெட்டு. வெடிப்புத் தொடங்கினது அந்த நேர் வெட்டின்ர அடியில.

— தலைகீழா வச்சிருக்கீங்கய்யா. திருப்புங்க.

— திருப்பினா என்ன வரப்போகுது... கடவுளே. 'அ'.

— எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரே எழுத்து இதுதான்.

— இராஜம்மா, ஆர் வெட்டினது இதை? உனக்குத் தெரியுது. உன்ர முகம் சொல்லுது. சொல்லு!

— உங்க அடுப்படியில உக்காந்து ரொட்டி தின்னுக்கிட்டு இருக்காங்கய்யா.

— என்ன கதைக்கிறாய் நீ?

— சத்தம் போடாதீங்க. அவ காதுல விழுந்துடப் போவுது.

— சரி. சரி, சத்தம் போடேல்லை. சொல்லு.

— ரெண்டு வருசத்துக்கு முன்னால விஜயதசமி. ஸ்டோருல மெஷினை எல்லாம் கழுவி, பொட்டு வச்சு, பொரி கடலை வச்சுக் கும்பிடுவோம்ல, அன்னைக்கு. புள்ளைக்கு அஞ்சு வயசு. எழுத்து ஆரம்பிக்கணும்னாரு. பொட்டைப் புள்ளைக்கு எழுத்து எதுக்குடான்னு எல்லாரும் சிரிச்சாங்க. தாம்பாளத்துல அரிசியைக் கொட்டிக் குடுத்தேன். 'அரிசியில எழுதினா நாளைக்கு உலையில போயிரும், மணல்ல எழுதினா ஆடு மிதிச்சுரும். எம்மவ எழுத்து இரும்புல இருக்கணும்'னு சொல்லிட்டு, புள்ளையைத் தூக்கிக்கிட்டு ஏணியில ஏறிட்டாரு.

— ஏணியில.

— கரியால எழுத்தைப் போட்டுக்கிட்டு, அவ ரெண்டு கையையும் உளியில வச்சு, அது மேல தன் கையை வச்சுக்கிட்டு, இன்னொரு கையால டொக்கு டொக்குன்னு தட்டினாருங்க. வாசு மண்டோருதான் கீழ ஏணியைப் புடிச்சுக்கிட்டான். அந்தச் செத்துப்போன தனலெட்சுமி குலவை போட்டா. ஸ்டோரே கை தட்டுச்சு. நான் கீழ நின்னுக்கிட்டு அழுதேன், சந்தோசத்துல. அதுக்கப்புறம் மெஷினு நிக்கிற நாள்ல எல்லாம் வள்ளி போயி அண்ணாந்து பாக்கும். 'அதோ என் எழுத்து'ன்னு புதுசா வர்ற ஆளுக்கெல்லாம் காட்டும்.

— கெட்டித்தனமான பிட்டர் எண்டு எல்லாரும் சொல்லினம். அவருக்கு இது தெரிஞ்சிருக்கோணும்...

— அவருக்கு ஆசைங்கய்யா. ஆசை வந்தா கெட்டிக்காரத்தனம் எங்கங்க நிக்கும்?

— வெட்டினவரை விசரன், அது இது எண்டு என்னென்னவோ சொல்லிப்போட்டன். மன்னிச்சுக்கொள்.

— நீங்க தெரியாமச் சொன்னீங்க. நாளைக்கு எம்மவளைப் பாத்துத் தெரிஞ்சே சொல்வாங்கள்ல.

— இல்லை, இல்லை. நான் ஆற்ற பேரையும் எழுதப் போறதில்லை. 'உளி வெட்டு, வெட்டினவர் ஆரெண்டு தெரியாது.' அவ்வளவுதான் எழுதுவன்.

— வெட்டினது யாருன்னு தோட்டத்துல தெரியாதவங்க யாருங்க? விசாரணை எங்க ஸ்டோரு வாசல்லயே நடக்குது. கிராணி தமிழ்ல படிச்சுச் சொல்வாரு. சாப்டுல இருந்த வெட்டுன்னு அவரு வாயைத் தொறந்ததும் முந்நூறு பேரும் எம்மவளைத் திரும்பிப் பாப்பாங்க. தனலெட்சுமியோட ரெண்டு புள்ளையும் திரும்பிப் பாக்கும்.

— அப்ப வெட்டைப் பற்றியே எழுதாமல், வளைவில முறிஞ்சதெண்டு மட்டும் எழுதுறன்.

— எழுதினா கேக்க மாட்டாங்களா, அந்த எடத்துல ஏன் வெடிச்சுச்சுன்னு?

— கேப்பினம். இன்ஸ்பெக்டர் அதைத்தான் முதல் கேள்வியாக் கேப்பார். வளைவு எண்டு சொன்னா முகத்தைப் பாக்கத்தான் செய்வினம். பார்த்தா...

— எழுத்து நிக்குது.

— ஓம்.

— ஐயா, ஒண்ணு சொல்லுங்க. சாப்டு ஒடஞ்சப்ப இந்தத் துண்டு கீழ விழுந்துச்சா, மேலயே தொங்குச்சா?

— இது தாங்கியோட மேலதான் நிண்டது. பிறகுதான் ஏணி வச்சுக் கழட்டினவை. ஏன் கேக்கிறாய்?

— புல்லிக்கு அடியில அரை மணி நேரம் மல்லாக்கக் கெடந்தாருன்னு வாசு சொன்னான். சங்கிலி போட்டுத் தூக்குற வரைக்கும் கண்ணை மூடலையாம். மேலயே பாத்துக்கிட்டு இருந்தாராம். அப்புறம் லோரியில ஏத்துறப்ப வாசு கையைப் புடிச்சுச் சொன்னாராம், 'குடிச்சிருந்தேன்டா, என் தப்புதான், எல்லார்கிட்டயும் சொல்லிடு, அந்த இரும்பை யாரும் பாக்க வேணாம், ஆத்துல போட்டுருங்கடா'ன்னு. சாகப்போற மனுசன் இரும்பைப் பத்தியா பேசுவாரு, எல்லாம் நீ கட்டுற கதைதான்னு நான் அந்த வாசு மேல மண்ணை வாரித் தூத்தினேங்கய்யா.

— அப்ப அந்த எழுத்தடியில முறிஞ்சதை அவர் பார்த்திட்டார்.

— பாத்துட்டாரு. பிட்டரு இல்லீங்களா? ஒரு தடவை பாத்தாப் போதும். எலும்பெல்லாம் நொறுங்கிக் கெடக்குறப்பயும் மவளுக்கு என்னா வரும்னு யோசிச்சிருக்காரு. ஒரு சொட்டு நாக்குல படாதவரு, குடிச்சேன்னு சொல்லிட்டுச் செத்திருக்காரு. நான் பாவி, அதைப் பொய்யின்னு நிரூபிக்க ரயிலேறி வந்திருக்கேன்.

— இராஜம்மா, அழு. இப்ப அழுதாப் பரவாயில்லை.

— அழ நேரமில்லீங்க. சொல்லுங்க. முறுக்குலதான் ஒடஞ்சுச்சுன்னு நீங்க எழுதினா இந்த முகத்தை யாராச்சும் பாப்பாங்களா?

— ஏன் பாக்கினம்? துரை சொன்னதும் அது, நான் எழுதினதும் அது எண்டா, இன்ஸ்பெக்டர் ஒரு கையெழுத்தோட பைலை மூடிப்போடுவார். துண்டு ரெண்டும் பழைய இரும்போட போய் உருகிப்போகும்.

— அப்ப அப்படியே எழுதுங்க.

— உனக்கென்ன விசர் பிடிச்சிட்டுதே? முறுக்கு எண்டா என்னவெண்டு இப்பத்தானே சொன்னனான்! குடிவெறியில செய்தார், ரெண்டு சாவுக்கும் அவர்தான் காரணம் எண்டு கவர்மெண்டே முத்திரை குத்தும். இனி ஒருத்தராலயும் அதை அழிக்க ஏலாது.

— தெரியுதுங்க.

— தனலெட்சுமியின்ர மனுசன் சாகுமட்டும் உங்களைச் சபிப்பான்.

— சபிக்கட்டும். செமினியில எங்கண்ணன் இருக்கான், அங்க போயிருவோம்.

— துரைமாருக்கும் லேசாப் போயிடும். வருசத்துக்கொருக்கா இதைச் சுத்தியலால தட்டிப் பார்த்திருந்தா, வெடிச்ச பானை மாதிரிச் சத்தம் மாறி அப்பவே தெரிஞ்சிருக்கும். ஒருத்தரும் தட்டேல்லை. அதை எழுதோணும் எண்டுதான் நான் ஒரு கிழமையா நித்திரை இல்லாமல் இருந்தனான். இருபத்தெட்டு வருசத்தில நான் ஒரு இலக்கத்தைக் கூட மாத்தி எழுதினதில்லை, பிள்ளை.

— நீங்க பெரியவங்க, உங்களை நான் பொய் சொல்லச் சொல்லக் கூடாதுதான். ஆனா நீங்களே சொல்லுங்கய்யா, உங்க கணக்குல எம்மவளுக்கு எங்க எடம் இருக்கு? பழியைத் தூக்குறதுக்கு அவருக்கு இனிமே தோளு வலிக்காது. அவளுக்கு ஏழு வயசு. நாளைக்குப் பேனாவைப் புடிக்கிறப்பெல்லாம், இந்தக் கையால எழுதினதுலதான் எங்கப்பன் செத்தான்னு நெனைப்பா. எழுதுவாளாங்க அப்புறம்? சோறாச்சும் அள்ளித் திம்பாளா அந்தக் கையால?

— பொய்யை என்ர கையால எழுதச் சொல்லுறாய்.

— அவரு சொல்லிட்டுப் போயிட்டாருங்கய்யா. நீங்க அதை எழுத்துல போடுங்க, அவ்வளவுதான்.

— உங்களுக்கு என்ன வயசு, அம்மா?

— இருவத்தஞ்சு இருக்குங்க. ஏங்கய்யா, திடீர்னு வாங்க போங்கன்னு பேசுறீங்க?

— தெரியேல்லை. வாயில அப்பிடித்தான் வருது. ஒருக்கா யோசியுங்கோ. இதை எழுதினா எழுதினதுதான். பெரிசானாப் பிறகாவது மகளுக்குச் சொல்லுவன் எண்டு நினைக்கிறியளோ?

— மாட்டேன். அவளுக்குக் கல்யாணமாகிப் புள்ளை பொறந்தாலும் சொல்ல மாட்டேன். நீங்களும் உங்க வீட்டம்மாகிட்ட கூடச் சொல்லக் கூடாது.

— சொல்ல மாட்டன். அந்த மைக்கூட்டை இப்பிடித் தள்ளிவிடுங்கோ. படத்தையும் கிழிக்கோணும், அதில வெட்டைக் கீறி வச்சிருக்கிறன்.

— நான் கிழிக்கட்டுங்களா?

— கிழியுங்கோ... எழுதுறன். 'அளவுக்கு மிஞ்சின முறுக்கால்.' வாசிச்சுக் காட்டட்டோ?

— வேணாங்கய்யா. அந்தத் துண்டைச் சாக்கால மூடிருங்க. அவ வர்றா.

— அம்மா! மாமி ரெண்டு ரொட்டி குடுத்தாங்க. ஒண்ணு உனக்கு எடுத்துக்கிட்டு வந்திருக்கேன். ஐயா எழுதிட்டாரா?

— எழுதிட்டாருடி.

— நான்தான் சொன்னேன்ல! நாளைக்கு எல்லார் முன்னாலயும் சத்தமாப் படிப்பாங்கள்ல? நான் முன்னால போயி நிப்பேன். அந்தப் பசங்க மூஞ்சியைப் பாக்கணும் எனக்கு. ஐயா, எங்கப்பாவைப் பத்தி என்னா எழுதியிருக்கீங்க? ஏன் ஐயா அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டீங்க?

— அம்மாவைக் கேள், பிள்ளை.

— ஏம்மா அழுவுற? கணக்குத் தப்பா வந்துருச்சா?

— கணக்குத் தப்பா வரல, கண்ணு. இங்க வந்து உக்காரு. வாசு மாமா சொன்னது நெசந்தான். உங்கப்பா அன்னைக்குக் குடிச்சுத்தான் இருந்தாரு.